புலம்பெயர்ந்த வீட்டின் மூத்த பிள்ளை ‘நான் யார்’ என்று கேட்கும்போது

பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 26. ஏழு வயதில் பெற்றோருடன் வேறொரு நாட்டில் குடியேறியவர். வீட்டில் "நீ ரொம்ப மாறிட்டே" என்கிறார்கள். வெளியே "அது சரி, உண்மையில் நீங்க எந்த ஊர்?" என்கிறார்கள். படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் அப்பா அம்மா ஆசைப்பட்டவை. பிடிக்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. உறவினர்கள் கூடுகிற இடத்துக்குப் போனால் வேண்டுமென்றே வெளியாள் மாதிரி நடந்துகொள்கிறார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கேயே பிறந்த தம்பிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. "இரண்டில் எதுவாக இருப்பது என்று நான் முடிவு செய்தே ஆக வேண்டுமா? நான் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு இதில் இரண்டு தெரிகின்றன. இரண்டு கலாசாரங்களில் எது என்னுடையது என்பது முதலாவது. அதற்குப் பதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வேலையைப் பற்றி எழுதியிருக்கிற வரிகளில் அதுதான் நிற்கிறது: இதுவரை நான் வாழ்ந்தது என் முடிவா, அல்லது பெற்றோரிடம் பட்ட கடனைத் தவணை தவணையாக அடைக்கிறேனா? புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது பல வருடங்களாக என் தொழில். எந்த நாட்டவர் என்று ஆரம்பிக்கிற பேச்சு, கொஞ்ச நாளில் பெரும்பாலும் இந்தக் கடன் கணக்குக்குத்தான் வந்து சேரும். அதனால் முதல் கேள்வியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டு இரண்டாவதில் நிதானமாக உட்காரலாம்.

தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1928இல் சிகாகோ சமூகவியலாளர் ராபர்ட் பார்க், இரண்டு சமூகங்களின் விளிம்பில் நிற்கும் மனிதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடியேறிய எல்லோருக்கும் ஒரு தடுமாற்றக் காலம் உண்டு, இந்த விளிம்பு மனிதனுக்கு மட்டும் அது ஏறக்குறைய நிரந்தரம் என்பது அவர் கருத்து. அதன் பிறகு வெகுகாலம், ஒன்று புது ஊரோடு முழுதாகக் கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசலாட வேண்டும் என்றே பலரும் நினைத்தார்கள். கனடாவின் உளவியலாளர் ஜான் பெரி இதை உடைத்தார். சொந்தப் பண்பாட்டை எவ்வளவு வைத்துக்கொள்கிறீர்கள் என்பதும், புதிய சமூகத்தில் எவ்வளவு கலந்துகொள்கிறீர்கள் என்பதும் தனித்தனிக் கேள்விகள், ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்றார். அவரும் சக ஆய்வாளர்களும் 13 நாடுகளில், 13 முதல் 18 வயதுவரையான புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஒட்டுதலோடு இருந்தவர்கள்தான் அதில் பெரிய கூட்டம், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நன்றாக இருந்தவர்களும் அவர்களே. எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். 2013இல் 83 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தபோதும் இரு பண்பாட்டோடும் இருப்பது மனநலத்தோடும் சமூக வாழ்வோடும் நல்லபடியாகவே சேர்ந்து வந்தது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம், முடிவு செய்யத் தேவையில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளைத் தூக்கிப் பிடித்து "இரண்டையும் வைத்துக்கொண்டால் நன்றாக இருப்பீர்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது உறுதி, எது எதற்குக் காரணம் என்பது உறுதி இல்லை. மனம் நன்றாக இருப்பவருக்கு இரண்டு பக்கமும் பழகுவது சுலபமாக இருக்கலாம். அதைவிட முக்கியமாக, கலந்துகொள்ள அடுத்த பக்கம் இடம் கொடுக்க வேண்டுமே! அதே 13 நாட்டு ஆய்வில், பாகுபாட்டை அதிகம் உணர்ந்த பிள்ளைகளின் நிலை மோசமாக இருந்தது. பெரியின் சட்டகத்தில் எனக்கிருக்கும் மனக்குறையும் இதுதான். எல்லாம் அந்தத் தனிமனிதர் கையில் இருப்பது போன்ற ஒரு தோற்றத்தை அது கொடுத்துவிடுகிறது.

உறவினர் கூட்டத்தில் வெளியாள் மாதிரி நடந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஒரு சுவாரஸ்யமான ஆய்வு இருக்கிறது. 2000இல் வெளிவந்த ஒரு தொடர் சோதனையில் ஹாங்காங் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சீனப் பண்பாட்டுச் சின்னங்களையும் இன்னொரு பகுதியினருக்கு அமெரிக்கச் சின்னங்களையும் காட்டினார்கள். அப்புறம், கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு மீன் நீந்துகிற படத்தைக் காட்டி, ஏன் அப்படி நீந்துகிறது என்று கேட்டார்கள். சீனச் சின்னங்களைப் பார்த்தவர்கள் கூட்டத்தின் தாக்கத்தைக் காரணமாகச் சொல்லும் பக்கம் சாய்ந்தார்கள், அமெரிக்கச் சின்னங்களைப் பார்த்தவர்கள் அந்த மீனின் சொந்த விருப்பத்தைச் சொன்னார்கள். இரண்டு பகுதியினரும் ஒரே மாதிரியான மாணவர்கள்தான், கண்ணில் படும் சூழலுக்கு ஏற்பப் பார்வை மாறுகிறது. 2002இல் வெரோனிகா பெனட் மார்டினெஸும் மற்றவர்களும் இதை அமெரிக்காவில் வாழும் சீனர்களிடம் செய்து பார்த்தபோது புதிதாக ஒன்று தெரிந்தது. தன் இரண்டு பண்பாடுகளும் ஒத்துப்போகின்றன என்று நினைத்தவர்கள் சூழலோடு சேர்ந்து மாறினார்கள். இரண்டும் மோதுகின்றன என்று நினைத்தவர்களோ எதிர்ப்பக்கம் போனார்கள். ஆய்வுக்கூடத்தில் படங்களைக் காட்டி மனதைத் திருப்பும் இந்த வகைச் சோதனைகள் பலவற்றை மறுபடி செய்து பார்த்தபோது முன்பு கிடைத்த முடிவு கிடைக்கவில்லை என்ற பேச்சு பத்துப் பதினைந்து வருடங்களாக உளவியலில் இருக்கிறது. எனவே இதை நிரூபணமாக எடுக்காமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆலோசனை அறையில் நான் பார்ப்பதோடு இது பொருந்துகிறது. குடும்பக் கூட்டத்தில் வெளிநாட்டுக்காரராகவும், வெளிநாட்டு நண்பர்கள் நடுவே திடீரென்று பரம்பரைப் பெருமை பேசுகிறவராகவும் ஆகிறவர்கள் நிறையப் பேர். அது போலித்தனம் இல்லை. ‘என்னை ஒரு பெட்டிக்குள் போடாதீர்கள்’ என்று திமிறுவதுதான். திமிறலுக்கு அப்பால் உங்களுக்கு உண்மையிலேயே எது வேண்டும் என்பது அந்த நேரத்தில் உங்களுக்கே தெரியாது, அவ்வளவுதான் அதில் உள்ள சிக்கல்.

"உண்மையில் எந்த ஊர்" என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்மை நாமே எப்படி அழைத்துக்கொள்கிறோம் என்பதை உள்ளே தோண்டிக் கண்டெடுப்பதாக நினைக்கிறோம். வெளியே அடிக்கிற காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சமூகவியலாளர்கள் அலெஹாந்திரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாட்டும் 1992இல் அமெரிக்காவின் சான் டியாகோ, மயாமி பகுதிகளில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பொதுச் சேவைகளை மறுக்கும் 187ஆவது முன்மொழிவுக்குக் கலிபோர்னியா வாக்காளர்கள் 1994இல் ஒப்புதல் கொடுத்தார்கள் (பின்னர் நீதிமன்றம் அதை முடக்கியது). அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை மறுபடி சந்தித்தபோது, தங்களை அமெரிக்கர் என்று சொன்னவர்கள் குறைந்து, பெற்றோரின் நாட்டுப் பெயரைச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். அந்த மூன்று வருடங்களில் அவர்கள் மொழியிலும் பழக்கத்திலும் இன்னும் அமெரிக்கர்களாகியிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆகவே ஒரு மோசமான வாரத்தில், யாரோ முகத்தில் அடித்தமாதிரி பேசிய பிறகு, உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் பெயரை இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ‘அடையாளச் சிக்கல்’ என்ற கருத்தைப் பரப்பிய எரிக் எரிக்சனே ஒரு குடியேறிதான். 1902இல் ஜெர்மனியில் டென்மார்க் தாய்க்குப் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்து, 1933இல் அமெரிக்கா போய், 1939இல் குடியுரிமை பெறும்போது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். பதின்ம வயதில் பொறுப்புகளிலிருந்து கொஞ்சம் விலகி, இதையும் அதையும் முயன்று பார்க்கச் சமூகம் அனுமதிக்கிற ஓர் இடைவேளை வேண்டும் என்பது அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று. 1966இல் ஜேம்ஸ் மார்சியா இதை இன்னும் எளிமையாக்கினார். இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்தார்: தேடிப் பார்த்தாரா? ஒன்றில் உறுதியாக நின்றாரா? தேடாமலேயே, பெரியவர்கள் கையில் கொடுத்ததை அப்படியே ஏற்று அதில் உறுதியாக நிற்பவர்கள் ஒரு வகை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த வகைதான் நினைவுக்கு வந்தது. அது நோயும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அமைதியாக, குடும்பத்தோடு நெருக்கமாக இருப்பார்கள். சிலருக்கு அந்த உறுதி இருபதுகளில் ஆட்டம் காணும், சிலருக்குக் கடைசிவரை ஆடாது.

மார்சியா அன்று பேட்டி எடுத்தது 86 பேரை, அத்தனை பேரும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள். குடும்பத்திலிருந்து விலகித் தனியாகத் தேடினால்தான் முதிர்ச்சி என்ற வாடை அந்தக் கோட்பாட்டில் அடிப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பெற்றோர் கொடுத்ததைப் பெற்றோரின் பக்கத்தில் இருந்துகொண்டே ஆராய்ந்து, "சரி, இது எனக்கும் வேண்டும்" என்று ஏற்றுக்கொள்வதும் தேடல்தான் என்பது என் அனுபவம். வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனால்தான் தேடல் என்று யாரும் உங்களை நம்ப வைக்க வேண்டாம்.

ஏழு வயதில் வந்த மூத்த பிள்ளைக்கு அந்த இடைவேளை ஏன் கிடைப்பதில்லை? தம்பிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேறு நாட்டில் பிறந்து, பதின்ம வயதுக்கு முன்பே வந்துவிட்டவர்களை ஆய்வாளர்கள் ஒன்றரைத் தலைமுறை என்கிறார்கள். அந்தப் பெயரைப் பரப்பியவரும் நான் முன்பு சொன்ன ரும்பாட்தான். முதல் தலைமுறைக்கு ஊர் நினைவு முழுதாக இருக்கிறது, இரண்டாம் தலைமுறைக்கு அது கதையாக மட்டும் இருக்கிறது, உங்களுக்கு அரைகுறையாக இருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் வேலைப் பங்கீடு. பெற்றோருக்கு மொழி தடுமாறும் வீட்டில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர், அதிலும் மூத்த பிள்ளை, அதிலும் பல வீடுகளில் பெண் பிள்ளை.

ஒரு மருத்துவர் அறையை நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் அம்மா, எதிரே மருத்துவர், நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை. மருத்துவர் சொல்கிற வார்த்தை பிள்ளைக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் அவர் முகம் முழுதாகப் புரிகிறது. அம்மா பயந்துவிடுவாள் என்று பிள்ளை கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. அம்மா தயங்கிச் சொல்லும் பதிலை, மருத்துவருக்குத் தப்பாகத் தோன்றக் கூடாது என்று கொஞ்சம் திருத்திச் சொல்கிறது. இரண்டு பெரியவர்களின் பயத்தையும் சமாளிக்கிற வேலை அந்தப் பிள்ளையின் தலையில். வங்கிக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் திருமதி இன்னார் பேசுகிறேன்" என்று அம்மாவின் பிறந்த தேதியை ஒப்பித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொன்ன புகாரை அப்பாவுக்குத் தானே மொழிபெயர்க்க நேர்ந்தவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் லாபமும் பார்த்திருப்பார்கள், அதை விடுங்கள். இவர்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே மிகவும் கெட்டிக்காரர்கள். யாருக்கு என்ன தேவை, யார் எதைக் கேட்டால் உடைந்துபோவார்கள் என்பது நொடியில் தெரியும். ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். யாரும் பழக்கிவிடாத கேள்வி அது.

மொழிபெயர்த்துக் கொடுப்பது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகளின் முடிவுகள் இதில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சிலரிடம் தன்னம்பிக்கையும் பெற்றோரோடு நெருக்கமும் கூடியிருக்கின்றன, சிலரிடம் மன அழுத்தம் கூடியிருக்கிறது. எத்தனை முறை செய்தார்கள் என்பதைவிட, அதைச் சுமையாக உணர்ந்தார்களா, பெருமையாக உணர்ந்தார்களா, வீட்டில் உறவு எப்படி இருந்தது என்பவை அதிகம் பேசுகின்றன. கடமை உணர்வும் அப்படித்தான். 1999இல் ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஆசிய, லத்தீன் அமெரிக்க, ஐரோப்பியப் பின்னணி கொண்ட பதின்ம வயதினரிடம் கேட்டார்கள். குடும்பத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற உணர்வு முதல் இரண்டு பிரிவினரிடம் தெளிவாகவே அதிகம். அந்த உணர்வு குடும்பத்தோடும் நண்பர்களோடும் நல்லுறவோடு சேர்ந்தே வந்தது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்தால், கடமை உணர்வு மிக அதிகமாக இருந்தவர்கள் மிகக் குறைவாக இருந்தவர்களைப் போலவே, சில இடங்களில் அவர்களைவிடவும், பின்தங்கியிருந்தார்கள். பெற்றோர் எதற்காக இத்தனை பாடுபட்டார்களோ, அந்தப் பாட்டின் பாரமே அதற்குக் குறுக்கே நிற்கும் அளவுக்குப் போக முடியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "உங்களுக்காகத்தானே இங்கே வந்தோம்" என்ற வாக்கியம் பெரும்பாலும் உண்மை, ஆனால் முழு உண்மையாக இருப்பது அபூர்வம். பெற்றோர்களிடம் தனியாகப் பேசும்போது வேறு காரணங்களும் வெளியே வரும். ஊரில் ஒரு தோல்வி, சொத்துத் தகராறு, அண்ணன் முன்னேறிவிட்டானே என்ற வைராக்கியம், மாமியார் வீட்டை விட்டு விலகிவிட வேண்டும் என்ற துடிப்பு, உலகத்தைப் பார்க்க ஆசை, உயிர் பயம். இருபத்தெட்டு முப்பது வயதில் அவர்களும் தங்களுக்கென்று எதையோ தேடி வந்தவர்கள்தான், ஏறக்குறைய இப்போது உங்களுக்கு இருக்கிற வயதில். வந்த பிறகு கஷ்டங்கள் கூடக் கூட, மற்ற காரணங்கள் எல்லாம் மங்கி, பிள்ளைகள் என்ற ஒரே காரணம் மிஞ்சியது. அது பொய் இல்லை. பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு பொருள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொருளின் முழுப் பாரமும் உங்கள் தலையில் இறங்கிவிட்டது. ஏழு வயதில் நீங்கள் கையெழுத்துப் போடாத கடன் அது.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை, உங்களைப் பற்றி யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர்களிடம் கதை கேட்பது. "எங்களுக்காக என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தீர்கள்" என்று ஆரம்பித்தால் பழைய பாட்டுத்தான் வரும். "நீங்கள் என்னவாக ஆக வேண்டும் என்று நினைத்திருந்தீர்கள்? கிளம்ப வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? திரும்பிப் போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?" என்று கேளுங்கள். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு வேறு கதைகள் வரும். போரிலோ கலவரத்திலோ தப்பி வந்தவர்கள் என்றால் மட்டும் தோண்டித் துருவ வேண்டாம். அவர்களாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் இன்னொன்றும் தெரியவரும். அவர்கள் மனதில் இருக்கிற ஊர், அவர்கள் புறப்பட்ட வருடத்து ஊர். அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பாவும் அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் எப்போதோ மாறிவிட்டார்கள். "நீ மாறிட்டே" என்பது அங்கே இருக்கும் உங்கள் வயதுக்காரர்களைப் பார்த்தாலும் அவர்கள் சொல்லக்கூடிய குற்றச்சாட்டுத்தான்.

அப்படிப் பேச உட்காரும்போது ஒரு தடை வரலாம், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஏழு வயதில் பள்ளி மொழி மாறியிருந்தால், வீட்டு மொழியில் உங்கள் சொல்வளம் அந்த வயதுக்கு அருகிலேயே நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். பசிக்கிறது, நாளைக்குப் பரீட்சை, வர லேட்டாகும், போன் பண்ணுகிறேன். இவை எல்லாம் சொல்லலாம். "இந்த வேலையில் எனக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் நான் அதில் இல்லை" என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? சொற்கள் இல்லாமல் சுருக்கமாக வெடித்து, "பிடிக்கல, விடுங்க" என்று முடிப்பீர்கள். கேட்கிற அப்பாவுக்கு அது ஏழு வயதுப் பிள்ளையின் அடமாகத்தான் கேட்கும், அதற்கேற்ற பதில்தான் அவரும் சொல்வார். 1991இல் லில்லி வாங் ஃபில்மோர் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து, பள்ளி மொழி சீக்கிரமே வீட்டு மொழியைத் தள்ளிவிடும்போது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே பேச்சே அறுந்துபோகிறது என்று எச்சரித்தார். தலைமுறை மோதல், பண்பாட்டு மோதல் என்று பெரிய பெயரெல்லாம் வைக்கிறோம். அதில் ஒரு நல்ல பங்கு வெறும் சொல் பற்றாக்குறை என்பது என் அபிப்பிராயம். அளந்து காட்ட என்னிடம் கருவி இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி, அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு போய்ப் பேசியவர்களுக்கு வீட்டில் கிடைத்த வரவேற்பே வேறு.

இரண்டாவது வேலை, மொழிபெயர்ப்பாளர் பதவியிலிருந்து மெல்ல விலகுவது. ஒரே நாளில் கைகழுவினால் அவர்கள் தவித்துப்போவார்கள், நீங்களும் குற்ற உணர்வில் திரும்பி வந்துவிடுவீர்கள். மருத்துவமனையிலிருந்து ஆரம்பியுங்கள். பல நாடுகளில் மருத்துவமனைகளே இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, அரசு நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை நம்பி மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றே சொன்னது. முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். அடுத்து, வரிப் படிவம், காப்பீடு போன்ற காகித வேலைகளில் பாதியைத் தம்பியிடம் தள்ளுங்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்பான். உங்களுக்கும் ஒன்பது வயதில் தெரியாது. அவனுக்குக் குழப்பமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் நான் நம்புவேன். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற வீட்டில் தனக்கு இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் தம்பிகளையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, தேடல். அறிவிப்பு எதுவும் வேண்டாம். வாரத்தில் சில மணி நேரம், சம்பளமும் பாராட்டும் வராத, பெற்றோரை மகிழ்விக்கவும் எரிச்சலூட்டவும் முடியாத ஒன்றைச் செய்து பாருங்கள். இரண்டாவது நிபந்தனை முக்கியம். அவர்கள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதும் அவர்கள் சொல்படி நடப்பதுதான், திசை மட்டும் வேறு. "அவர்களுக்குத் தெரியவே போவதில்லை என்றால் இதைச் செய்வேனா?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தக் கேள்விக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. குடும்பத்தோடு பின்னிப்பிணைந்து வளர்ந்த மனதில் அவர்கள் இல்லாத ஓர் இடத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம். செய்து பார்ப்பதும், செய்த பிறகு உடம்பு களைத்ததா, மனம் களைத்ததா என்று கவனிப்பதும் அதைவிட உதவும். சில மாதங்கள் கழித்து இப்போதைய வேலையையும் இதே கண்ணோடு பாருங்கள். அதில் பிடித்த பகுதி ஒன்று இருக்கக்கூடும். அப்பா காட்டிய தொழிலுக்குள்ளேயே அப்பாவுக்குத் தெரியாத ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிட்டு வந்து நிம்மதியானவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை ஒரு கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது, சொன்னால் அவரிடமிருந்து தள்ளி இருங்கள்.

26 வயதில் இதெல்லாம் தாமதமாகிவிட்டதோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அடையாளத் தேடல் பதின்ம வயதோடு முடிகிறது என்ற பழைய எண்ணத்தை ஆய்வாளர்களே கைவிட்டு வெகுநாளாகிறது. 2000இல் ஜெஃப்ரி ஆர்னெட் 18 முதல் 25 வயதுவரையான காலத்தையே தேடலுக்குரிய தனிப் பருவமாகப் பிரித்தார், அந்த எல்லையும் வழுக்கக் கூடியதுதான். பதினைந்து வயதில் மற்றவர்கள் தலைமுடியின் நிறத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்து விளக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த வருடங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. இப்போது கை ஒழிகிறது.

சில எச்சரிக்கைகள். தூக்கம் கெட்டுப்போயிருந்தாலோ, எதிலும் ஒட்டாமல் வாரக்கணக்கில் நாட்கள் போனாலோ, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றினாலோ, இது அடையாளக் கேள்வி என்ற பெயரில் ஒளிந்திருக்கும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நேரில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும், எழுத்தில் பதில் போதாது. உங்கள் குடும்பத்தின் மொழி தெரிந்த ஆலோசகர்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரிந்தவராக இருந்தால், உங்கள் பெற்றோரின் நட்பு வட்டத்துக்குள் இருப்பவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னச் சமூகங்களில் பேச்சு கசியும் என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. நீங்கள் இருப்பது பெற்றோரின் வீட்டிலா, வீட்டுக் கடனில் உங்கள் பெயர் இருக்கிறதா, உங்கள் தங்கும் உரிமையோ அவர்களுடைய உரிமையோ இப்போதைய வேலையோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பது கடிதத்தில் இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் வரிசை மாறும். முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டி, வேலையை மாற்றினால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, அது நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேலையை மாற்றுவதைப் பற்றி அப்பா அம்மாவிடம் பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும். கதை கேட்பதற்கும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளருக்கும் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, அவற்றை இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.